புல்லாங்குழல் வாங்கிட்டு ஏன் பாதியில விட்டுடறோம்? தேக்கம்னா என்னன்னு ஒரு எளிய விளக்கம்

நிறைய வீட்டுல ஒரு புல்லாங்குழல் இருக்கும். பீரோ மேலயோ டிவி ஸ்டாண்டு பக்கத்துலயோ துணிப்பையில சுத்தி வெச்சிருப்பாங்க, வாங்கின புதுசுல ரெண்டு வாரம் ஊதிப் பாத்திருப்பாங்க, அதுக்கப்புறம் ஆயுத பூஜை அன்னைக்கு மட்டும் எடுத்து துடைச்சு பொட்டு வெச்சிட்டு திரும்ப மேல வெச்சிடுவாங்க. கேட்டா "ஆசை இருக்குங்க, ஆனா நமக்கு வரலை"ன்னு சொல்லுவாங்க. கிடார் வாங்கினவங்க, வாட்டர் கலர் வாங்கினவங்க, தினமும் ஆன்லைன்ல செஸ் ஆடறவங்க எல்லாரும் சொல்றதும் இதேதான். இந்த "வரலை"ங்கற ஒரு வார்த்தைக்குள்ள வேற வேற பிரச்சனைங்க ஒண்ணா கலந்து கிடக்கு, அதுல ரொம்ப பேரை நிறுத்திப் போடறது எதுன்னா தேக்கம். அதாவது ஆரம்பத்துல கொஞ்சம் முன்னேறி, அப்புறம் எவ்வளவு பண்ணாலும் அதே இடத்துல நிக்கறது. இந்த தேக்கம்னா என்ன, ஏன் வருது, அதுல இருந்து எப்படி வெளிய வர்றதுன்னு புல்லாங்குழலை வெச்சே சொல்றேன், ஏன்னா எனக்கு நல்லா தெரிஞ்ச தேக்கம் அதுதான். 36 வயசுல கத்துக்க ஆரம்பிச்சேன், இப்ப நாலாவது வருஷம்.

முதல்ல தேக்கம் இல்லாத ஒரு பிரச்சனையை தனியா எடுத்து வெச்சிடலாம், இல்லன்னா ரெண்டும் கலந்துடும். குழல்ல சத்தமே வராதது தேக்கம் இல்ல, அது வெறும் ஆரம்பம். ஹார்மோனியம்னா கட்டையை அழுத்தினா சத்தம் வந்துடும், வீணையில தந்தியை மீட்டினா ஏதோ ஒரு நாதம் கேக்கும், குழல்ல மட்டும் சத்தத்தையே நாமதான் உண்டாக்கணும். உள்ள நடக்கறது இதுதான்: உதட்டுல இருந்து ஒரு மெல்லிசான தகடு மாதிரி காத்து வெளிய வருது, அது வாய்த்துளையோட எதிர்ப்பக்க விளிம்புல போய் மோதுது, மோதினதும் ஒரு தடவை துளைக்கு உள்ள போகுது ஒரு தடவை வெளிய போகுது, இப்படி ரொம்ப வேகமா மாறி மாறி ஆடுது, அந்த ஆட்டம் குழலுக்குள்ள இருக்கற காத்துத் தூணை அதிர வைக்குது. அவ்வளவுதான் குழல் சத்தம். காத்து விளிம்புல சரியா படலைன்னா வெறும் "உஸ்"ஸுன்னு கேக்கும். அதனால பலமா ஊதி ஒரு பிரயோஜனமும் இல்ல, கோணம்தான் முக்கியம். பலமா ஊதினா தலைதான் சுத்தும், அது நிறைய மூச்சை வேகமா வெளிய விடறதால வர்றது, அந்த மாதிரி ஆச்சுன்னா குழலை கீழ வெச்சிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்துடுங்க.

இதுக்கு வழி சுலபம், பொறுமைதான் வேணும். ஒரு துளையையும் மூடாதீங்க, கண்ணாடி முன்னாடி நின்னு வாய்த்துளையை கீழுதட்டுல வெச்சு, குழலை உள்பக்கமா வெளிப்பக்கமா நூல் அளவு உருட்டி உருட்டி ஊதுங்க, எங்கயோ ஒரு இடத்துல திடீர்னு கணீர்னு வரும். வந்த உடனே குழலை எடுத்துட்டு திரும்ப வெச்சு அதே இடத்தை கண்டுபிடிங்க. எனக்கு இதுக்கு பதினோரு நாள் ஆச்சு. நாலு நாள்ல வந்தவங்களையும் பாத்திருக்கேன், ஒரு மாசம் ஆனவங்களையும் பாத்திருக்கேன், பின்னாடி அவங்க வாசிக்கறதுக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தம் எனக்கு தெரியல.

சரி, சத்தம் வந்தாச்சு. இப்ப விரல். நம்ம கர்நாடக குழல்ல வாய்த்துளை தவிர வழக்கமா 8 துளை இருக்கும், அதுல 7 துளையைத்தான் விரலால மூடித் திறப்போம், இடது கை மூணு விரல், வலது கை நாலு விரல். ஹிந்துஸ்தானி பான்சுரில, அதாவது வட இந்தியக் குழல்ல, பொதுவா 6 துளைதான், அது நீளமும் பெருசு, ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஒண்ணை வாங்கிட்டு இன்னொண்ணோட வீடியோவைப் பாத்து கத்துக்கிட்டு குழம்பிப் போனவங்க நிறைய பேர், வாங்கறப்பவே இதை கேட்டு வாங்குங்க. நம்ம குழல்ல மேல இருந்து முதல் ரெண்டு துளையை மூடினா ஸ. ஒண்ணை மட்டும் மூடினா ரி. எல்லாத்தையும் திறந்துட்டா க. அப்புறம் ம-வுக்கு ஆறு துளையை மூடணும், ப-வுக்கு அஞ்சு, த-வுக்கு நாலு, நி-க்கு மூணு, திரும்ப ரெண்டு மூடினா மேல் ஸ. இப்படி முழுசா மூடறது முழுசா திறக்கறதுன்னு மட்டும் வாசிச்சா வர்றது ஹரிகாம்போஜி ராகம், அதாவது குழலோட சொந்த ஸ்வரவரிசை அது.

இங்கதான் ஒரு விஷயம் ஆரம்பத்துல யாரும் சொல்றதில்ல. நம்ம கர்நாடக சங்கீதத்துல சரளி வரிசையை, அதாவது முதல் ஸ்வரப் பயிற்சியை, இந்தப் பாட முறையை வகுத்தவர்னு சொல்ற புரந்தரதாசர் காலத்துல இருந்து மாயாமாளவகௌளைங்கற ராகத்துல ஆரம்பிக்கறதுதான் வழக்கம். பாட்டு கத்துக்கறவங்களுக்கு அது ரொம்ப பொருத்தமான ராகம், ஆனா குழல்ல அந்த ராகத்துல வர்ற ரி, த, நி மூணுமே முழு துளையில வராது, பாதி மூடி பாதி திறந்து பிடிக்கணும். பாதின்னா எவ்வளவு பாதி? அதுக்கு அளவு கிடையாது, காதுதான் அளவு. அப்ப நேத்துதான் சத்தமே வந்த ஒருத்தர், காது இன்னும் பழகாத ஒருத்தர், முதல் பாடத்துலயே மூணு அரைத்துளை பிடிக்கணும். வரலைன்னா அது அவர் தப்பா? இதனாலேயே சில ஆசிரியர்கள் குழலுக்கு மட்டும் முதல்ல ஹரிகாம்போஜியிலயோ சங்கராபரணத்துலயோ சரளி சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் மாயாமாளவகௌளைக்கு வருவாங்க. எங்க சார் அப்படித்தான் பண்ணாரு, நான் அதுக்கு இன்னைக்கும் நன்றியோட இருக்கேன். ரெண்டு கஷ்டத்தை ஒரே நேரத்துல தலையில ஏத்தாம ஒண்ணு ஒண்ணா ஏத்தறது, பின்னாடி தேக்கத்தைப் பத்தி பேசறப்பவும் இதுதான் வரும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஒரு ஆறு மாசம் போச்சு, சரளி வரிசை எல்லாம் முதல் காலத்துல, அதாவது மெதுவான வேகத்துல, ஓரளவு வருது, ரெண்டு சினிமா பாட்டு பல்லவி வருது, வீட்டுக்கு வந்தவங்க "அட, நல்லா இருக்கே"ங்கறாங்க. அதுக்கப்புறம் ஏழாவது மாசம், எட்டாவது மாசம், ஒன்பதாவது மாசம், தினமும் அரை மணி நேரம் எடுக்கறேன், அதே சரளி அதே பல்லவி அதே எடத்துல அதே தடுமாற்றம். ரெண்டாம் காலம், அதாவது ரெட்டிப்பு வேகம், போனா விரல் சிக்கிக்குது. நான் குழலை பைக்குள்ள போட்டு வைக்க ஆரம்பிச்சது அந்த ஒன்பதாவது மாசத்துலதான், அப்புறம் அஞ்சு மாசம் தொடவே இல்ல.

இது மனுஷங்களுக்கு ரொம்ப காலமா தெரிஞ்ச விஷயம்தான். அமெரிக்காவுல பிரையன், ஹார்ட்டர்னு ரெண்டு பேர் 1897-லயும் 1899-லயும் தந்தி கத்துக்கறவங்களைப் பத்தி ஆராய்ச்சி எழுதினாங்க. மோர்ஸ் தந்தி, டிட் டா சத்தம். அதுல தந்தி அனுப்பற வேகம் சீரா ஏறிக்கிட்டே போச்சு, ஆனா வர்ற தந்தியை காதால கேட்டு எழுதற வேகம் கொஞ்சம் ஏறி, அப்புறம் வாரக்கணக்குல அப்படியே நின்னு, அப்புறம் திரும்ப ஏறுச்சு. அவங்க சொன்ன காரணம் எனக்கு ரொம்ப பிடிக்கும். முதல்ல ஒவ்வொரு எழுத்தா கேக்கறாங்க. எழுத்து பழகினப்புறம் முழு வார்த்தையா காதுல விழ ஆரம்பிக்கணும், அப்புறம் வாக்கியமா விழணும். எழுத்துல இருந்து வார்த்தைக்கு மாறற அந்த காலத்துல வெளிய பாத்தா ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், உள்ள எழுத்து எல்லாம் யோசிக்காம வர்ற அளவுக்கு ஊறிக்கிட்டு இருக்கும். எல்லா கலைக்கும் எல்லாருக்கும் இதே மாதிரி கோடு வரும்னு பின்னாடி வந்தவங்க ஒத்துக்கல, ஆனா ஸ்வரம் கத்துக்கற யாரைக் கேட்டாலும் இது புரியும், ஒரு நாள் "ஸ, ரி, க, ம"ன்னு நாலு தனித்தனி ஸ்வரமா இருந்தது இன்னொரு நாள் "ஸரிகம"ன்னு ஒரே பிடியா விரல்ல வந்து உக்காரும்.

அப்ப தேக்கத்துல ஒரு வகை இது: நல்ல தேக்கம், உள்ள ஊறிக்கிட்டு இருக்கற காலம். இதுக்கு மருந்து தொடர்ந்து பண்றதுதான்.

இன்னொரு வகை இருக்கு, அதுதான் எனக்கு நடந்தது, அதுதான் நிறைய பேருக்கு நடக்குதுன்னு நினைக்கறேன். 1967-ல ஃபிட்ஸ், போஸ்னர்னு ரெண்டு உளவியல் ஆளுங்க ஒரு திறமை வளர்றதை மூணு கட்டமா பிரிச்சு சொன்னாங்க. பைக் ஓட்டக் கத்துக்கிட்டதை நினைச்சுப் பாருங்க. முதல் கட்டத்துல ஒவ்வொண்ணையும் யோசிச்சு யோசிச்சு பண்ணுவோம், கிளட்ச் பிடி, கியர் போடு, மெதுவா விடு. ரெண்டாவது கட்டத்துல தப்பு கொறையும், வண்டி ஆஃப் ஆகாது. மூணாவது கட்டத்துல யோசிக்கவே வேண்டாம், கை காலு தானா பண்ணும், பின்னாடி உக்காந்திருக்கறவங்க கூட பேசிக்கிட்டே போகலாம். இந்த மூணாவது கட்டம் வண்டி ஓட்டறதுக்கு வரம். ஆனா பத்து வருஷமா தினமும் ஓட்டியும் ஏன் நாம யாரும் ரேஸ் ஓட்டற ஆளா மாறல? ஏன்னா தானா நடக்க ஆரம்பிச்ச உடனே மூளை கவனிக்கறதை விட்டுடுச்சு. கவனிக்காத ஒண்ணு மாறாது, இன்னைக்கு எப்படி பண்றோமோ நாளைக்கும் அப்படியே பண்ணுவோம், நல்லது மட்டும் இல்ல, அதுல இருக்கற தப்பும் சேந்து தானா வரும். என் ரெண்டாம் காலத் தடுமாற்றமும் அப்படித்தான் பழகிப் போச்சு. நான் மூணு மாசமா அந்தத் தடுமாற்றத்தையும் சேத்துதான் தினமும் பழகிக்கிட்டு இருந்திருக்கேன்.

இதுக்கு நம்ம மொழியிலயே தெளிவா ரெண்டு சொல் இருக்கு. வாசிக்கறது வேற, சாதகம் பண்றது வேற. வாசிக்கறதுன்னா தெரிஞ்சதை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அனுபவிச்சு போறது. சாதகம்னா வராத எடத்துல போய் உக்கார்றது. வித்வான்கள் எல்லாம் சாதகம் பண்ணாங்கன்னு கேக்கறப்ப நாம மணிக்கணக்கை மட்டும்தான் கவனிக்கறோம், எட்டு மணி நேரம், பத்து மணி நேரம், அசுர சாதகம்னு. அந்த மணி நேரத்துக்குள்ள என்ன பண்ணாங்கங்கறதுதான் சங்கதி. பத்தாயிரம் மணி நேரம்னு ஒரு பேச்சு எல்லா எடத்துலயும் சுத்துது இல்லையா, அது எரிக்சன்னு ஒருத்தர் கூட ரெண்டு பேர் சேந்து 1993-ல வெளியிட்ட ஆராய்ச்சியில இருந்து கிளம்பினது, பெர்லின்ல வயலின் மாணவர்களை வெச்சு பண்ணது. அதுல பத்தாயிரம்ங்கறது இருக்கறதுலயே நல்லா வாசிக்கற குழுவுல இருந்தவங்க 20 வயசு வரைக்கும் தனியா பயிற்சி பண்ண நேரத்தோட சராசரி, அவ்வளவுதான், அந்த எண்ணைத் தொட்டா கதவு திறக்கும்னு அவங்க சொல்லவே இல்ல. அவங்க அழுத்திச் சொன்னது பயிற்சியோட தன்மையை: குறிப்பிட்ட ஒரு குறையை எடுத்து, கவனத்தோட, சரியா தப்பான்னு உடனே தெரியற மாதிரி, திரும்பத் திரும்ப பண்றது. அவங்க சொன்னதுல பிறவித் திறமைக்கு எவ்வளவு பங்குங்கறதுல இன்னும் சண்டை இருக்கு. ஆனா வெறுமனே மணி நேரம் ஓட்டினா போதாதுங்கறது எனக்கு சொந்த அனுபவத்துலயே தெரிஞ்சது.

என்னோட முடிச்சு எங்க இருந்துச்சுன்னு சொல்றேன், இதைத்தான் கொஞ்சம் விரிவா சொல்லணும்னு ஆசை. அஞ்சு மாசம் விட்டுட்டு திரும்ப சார்கிட்ட போனேன். திட்டல, "ரெண்டாம் காலம் வரலை"ன்னு சொன்னேன். "எந்த எடத்துல வரலை?"ன்னு கேட்டாரு. "ரெண்டாம் காலம்தான் சார்." "அது பதில் இல்லப்பா, எந்த ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல?"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் தெரியல. மூணு மாசம் தினமும் தடுமாறி இருக்கேன், எங்கன்னு கேட்டா தெரியல. வாசிக்கச் சொன்னாரு, கண்ணை மூடிட்டு கேட்டாரு, "க-வுல இருந்து ம-வுக்குப் போறப்ப"ன்னு சொன்னாரு.

இப்ப மேல நான் சொன்ன துளைக் கணக்கை திரும்ப பாருங்க. ஸ-வுக்கு ரெண்டு, ரி-க்கு ஒண்ணு, க-வுக்கு எதுவும் இல்ல, ஒவ்வொரு விரலா எடுத்துக்கிட்டே போறோம், சுலபம். க-வுல எல்லா விரலும் மேல. அடுத்த ம-வுக்கு ஆறு விரலும் ஒரே நேரத்துல கீழ விழணும். அதோட முடியல, அந்த ம குழலோட கீழ் ம இல்ல, அதே விரல்ல அதுக்கு ஒரு ஸ்தாயி மேல இருக்கற ம, அதனால அந்த நொடியில உதட்டை கொஞ்சம் குவிச்சு காத்து வேகத்தையும் கூட்டணும். ஆறு விரல், உதடு, மூச்சு, மூணும் ஒரே கணத்துல மாறணும். இதுக்கு மேல இன்னொண்ணு: க-வுல எல்லா விரலையும் எடுத்தா குழல் கையில இருந்து நழுவற மாதிரி ஒரு பயம் வரும், ஏன்னா கட்டைவிரலும் உதடும்தான் அதைத் தாங்கிக்கிட்டு இருக்கு, அந்த பயத்துல கை இறுகும், இறுகின விரல் லேட்டா விழும், அதுல ஏதாவது ஒரு விரல் துளையை முழுசா மூடலைன்னா காத்து கசிஞ்சு ம-வே வராது. என் ரெண்டாம் காலம் முழுக்க நல்லாத்தான் இருந்துச்சு, இந்த ஒரே ஒரு தாண்டல் தவிர. நான் அதை சரி பண்ணாம முழு வரிசையையும் திரும்பத் திரும்ப ஓட்டிக்கிட்டு இருந்தேன், அதாவது நூறு தடவை சரளி வாசிச்சா அதுல 95 சதவீத நேரம் ஏற்கனவே வர்றதை வாசிக்கறதுலயே போயிருக்கும்.

சார் குடுத்த மருந்து ரொம்ப சின்னது. வேற எதுவும் வாசிக்காதே, க-ம, க-ம, க-ம, ஒரு ஸ்வரத்துக்கு நாலு எண்ணிக்கை. விரலை துளைக்கு மேல ரொம்ப தூக்காதே, பக்கத்துலயே நிக்கட்டும். அழுத்தாதே, விரலோட சதைப் பகுதி துளை மேல சும்மா படுத்தா போதும். ஊதாம வெறும் விரலை மட்டும் இருபது தடவை, விரல் இல்லாம வெறும் மூச்சு மாத்தறதை மட்டும் இருபது தடவை, அப்புறம் ரெண்டையும் சேத்து. அஞ்சு தடவை வரிசையா தப்பில்லாம வந்தா எண்ணிக்கையை மூணாக்கு, ஒரு தடவை தப்பினாலும் திரும்ப நாலு. பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம், மறுநாள் பாத்துக்கலாம். அது வந்தப்புறம் ரி-க-ம, அப்புறம் க-ம-ப, அப்புறம் ஸரிகம, அப்படி ரெண்டு பக்கமும் துணி தைக்கற மாதிரி சேத்துக்கிட்டே போனோம். ரெண்டு வாரத்துல ரெண்டாம் காலம் வந்துடுச்சு. மூணு மாசம் வராதது ரெண்டு வாரத்துல வந்துச்சுன்னா என் விரலுக்கு அந்த சக்தி முன்னாடியே இருந்திருக்கு, அதை யாரும் அந்த இடத்துக்கு கூட்டிட்டுப் போகல. அன்னைக்கு பஸ்ல வீட்டுக்கு வர்றப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

அப்ப மெதுவா வாசிக்கறதுல என்ன ரகசியம்னு கேட்டா, வேகத்துல வாசிச்சா மூளை கவனிக்கறதுக்குள்ள தப்பு நடந்து முடிஞ்சிடும், அது தானா போற பாதையிலயே ஓடும். மெதுவா வாசிச்சா திரும்பவும் நாம முதல் கட்டத்துக்கு, யோசிச்சு யோசிச்சு பண்ற கட்டத்துக்கு இறங்கி வர்றோம், அங்கதான் மாத்த முடியும். மூணு காலம்னு நம்ம முன்னோர் வெச்சிருக்கற முறையே இதுக்குத்தான் இருக்குன்னு நான் நம்பறேன். ஆதி தாளத்துல எட்டு எண்ணிக்கைக்கு முதல் காலத்துல எட்டு ஸ்வரம், ரெண்டாம் காலத்துல பதினாறு, மூணாம் காலத்துல முப்பத்திரெண்டு. தாளம் மாறாது, நாமதான் அதே தாளத்துக்குள்ள ரெட்டிப்பா நிரப்பறோம். முதல் காலத்தை ஆரம்பப் பள்ளின்னு நினைச்சு தாண்டிப் போயிடக் கூடாது, நல்லா வாசிக்கறவங்களும் அங்க திரும்பத் திரும்ப வந்து போவாங்க.

தேக்கம் மாதிரியே தெரியற ஆனா தேக்கமே இல்லாத ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லியாகணும், ஏன்னா இதுல நிறைய பேர் மனசு உடைஞ்சு போறாங்க. காது விரலை விட வேகமா வளரும். ஆரம்பத்துல ஸ்ருதி சேராம வாசிச்சாலும் நமக்கே தெரியாது, சந்தோஷமா வாசிப்போம். ஆறு மாசம் தம்புரா ஸ்ருதி போட்டு வாசிச்சா காது கூர்மையாயிடும், அப்ப போன மாசம் வரைக்கும் நல்லா இருந்த அதே வாசிப்பு திடீர்னு மோசமா கேக்கும். உடனே "நான் பின்னாடி போறேன்"னு தோணும். உண்மையில வாசிப்பு அதே இடத்துலதான் இருக்கு, இல்ல கொஞ்சம் ஏறிகூட இருக்கும், கேக்கற காதுதான் மேல போயிடுச்சு. எனக்கு இது புரிஞ்சது பழைய ஒரு ரெக்கார்டிங்கை கேட்டப்பதான், ஆறு மாசத்துக்கு முன்னாடி பெருமையா தங்கச்சிக்கு அனுப்பினது, திரும்ப கேட்டா ரி எல்லாம் கீழ தொங்குது. அன்னைக்கு எனக்கு அது தெரியவே இல்ல, இன்னைக்கு தெரியுது.

அதனால காதை விரலுக்கு வழிகாட்டியா வெச்சுக்கணும். இதுக்கு நம்ம ஊர்ல பழைய வழி ஒண்ணு இருக்கு: வாசிக்கறதுக்கு முன்னாடி பாடிடு. குரல் நல்லா இருக்கணும்னு இல்ல, ஸ்ருதியோட சேந்து ஸ்வரத்தை வாயால சொல்ல வந்தா போதும். வாயில சரியா வராத ஸ்வரம் அரைத்துளையில சரியா வராது, ஏன்னா எங்க நிறுத்தணும்னு மனசுக்கே தெரியாது. குழலோட சரித்திரத்தைப் பாத்தாலும் இதுதான் தெரியுது. கும்பகோணம் சரப சாஸ்திரிகள், 1872-ல பிறந்தவர், கண் பார்வை இல்லாதவர், கச்சேரி மேடையில குழலுக்குன்னு ஒரு தனி இடம் வாங்கிக் குடுத்தவர்னு அவரைத்தான் சொல்லுவாங்க, 32 வயசுலயே போயிட்டாரு. அவருக்கு விரல் எங்க போகணும்னு காட்டினது காது மட்டும்தான். அப்புறம் மாலின்னு எல்லாரும் கூப்பிடற டி.ஆர். மகாலிங்கம், 1926-ல திருவிடைமருதூர்ல பிறந்தவர், உதட்டை வைக்கற விதத்தையும் விரல் போடற விதத்தையும் மாத்தி, வாய்ப்பாட்டுல வர்ற கமகம், அதாவது ஸ்வரத்தை அசைச்சு வளைக்கறது, எல்லாத்தையும் குழல்ல கொண்டு வந்தாரு. பாட்டு மாதிரியே குழல் பேசணும்னா பாட்டு முதல்ல உள்ள இருக்கணும். நான் இந்த பெரியவங்க பேரை எல்லாம் நம்மளோட ஒப்பிடறதுக்காக சொல்லல, வழி ஒண்ணுதாங்கறதுக்காக சொல்றேன்.

நேரம் இல்லைங்கறவங்களுக்கு. வேலைக்குப் போய், வீட்டைப் பாத்து, புள்ளைங்களைப் படிக்க வெச்சு, அதுல பொழுதுபோக்குக்கு எங்க நேரம்னு கேக்கறது நியாயமான கேள்வி, குறிப்பா வீட்டுப் பொம்பளைங்களுக்கு யாரும் அந்த அரை மணி நேரத்தை எடுத்துக் குடுக்கறதில்ல, அதை கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கு, கேளுங்க. ஆனா நேரம் நிறைய வேணும்ங்கறது உண்மை இல்ல. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் உக்கார்றதை விட தினமும் 15 நிமிஷம் நல்லது. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1885-லயே ஞாபகத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி, ஒரே நாள்ல மொத்தமா படிக்கறதை விட பல நாளா பிரிச்சு படிச்சா நல்லா நிக்கும்னு கண்டுபிடிச்சாரு, அதுக்கப்புறம் எத்தனையோ பேர் அதை சரின்னு பாத்திருக்காங்க. விரலுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், நேத்து ராத்திரி வராதது இன்னைக்கு காலையில எடுத்த உடனே வர்றதை நீங்களே பாப்பீங்க, தூக்கத்துலயும் மூளை அந்த வேலையை விடறதில்ல. அந்த 15 நிமிஷத்துல அஞ்சு நிமிஷம் நீளமா ஒரே ஸ்வரம் ஊதுங்க, ஏழெட்டு நிமிஷம் ஒரே ஒரு முடிச்சு, மிச்ச நேரம் உங்களுக்கு பிடிச்ச பாட்டை ஆசை தீர வாசிங்க. இந்த கடைசி பகுதியை வெட்டிடாதீங்க. பிடிச்சுத்தானே ஆரம்பிச்சோம், அந்த ருசி போயிட்டா சாதகமும் நிக்காது.

இன்னும் ரெண்டு மூணு சின்ன விஷயம். திருவிழாக் கடையில விக்கற குழல் பாக்க அழகா இருக்கும், ஆனா நிறைய குழல்ல துளைங்க ஸ்ருதிக்கு சேர்ற மாதிரி போட்டிருக்காது, அதுல கத்துக்கிட்டா காதும் கெட்டு மனசும் கெடும், ஸ்ருதி பாத்து செய்யறவங்ககிட்ட வாங்குங்க. கட்டை எதுன்னு கேப்பாங்க, அதாவது குழலோட அடிப்படை ஸ்ருதி எதுன்னு, 1 கட்டைன்னா சி, 5 கட்டைன்னா ஜி. சின்ன குழல்னா ஸ்ருதி ஏறும், பெருசுன்னா இறங்கும், உங்க விரல் துளைக்கு துளை இறுக்கம் இல்லாம எட்டற அளவு வாங்கினா போதும், சொல்லிக் குடுக்கறவரைக் கேட்டுட்டு வாங்கறது இன்னும் நல்லது. அப்புறம் காலையில ஸ்ருதிப் பெட்டியோட சேராத குழல் பத்து நிமிஷம் வாசிச்சப்புறம் சேரும், அது உங்க கற்பனை இல்ல. காத்து சூடானா அதுல ஒலி வேகமா போகும், 20 டிகிரியில விநாடிக்கு சுமார் 343 மீட்டர்னா 30 டிகிரியில சுமார் 349 மீட்டர், அதனால காத்து அவ்வளவு சூடாச்சுன்னா ஸ்ருதி ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கற தூரத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு மேல ஏறிடும். ஏசி ரூம்ல வாசிச்சுட்டு "என் காது சரியில்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. மூங்கில் ரொம்ப காஞ்சா விரிசல் விடும், அதுக்குத்தான் சில குழல்ல நூல் சுத்தி இருக்கும், அப்பப்ப உள்ள லேசா எண்ணெய் தடவி வைப்பாங்க.

பைக்குள்ள போட்டு ஜிப் மூடி வைக்காதீங்க. கண்ணுல படற எடத்துல, கை நீட்டினா எடுக்கற எடத்துல வைங்க, எங்க வீட்டுல சாமி அலமாரிக்குப் பக்கத்துல ஒரு ஆணியில தொங்குது, போறப்ப வர்றப்ப ரெண்டு நிமிஷம் க-ம எத்தனையோ நாள் வாசிச்சிருக்கேன்.

இன்னைக்கே பண்ணக்கூடியது ஒண்ணு சொல்றேன். குழலோ கிடாரோ எதுவா இருந்தாலும், எடுத்து உங்களுக்கு தெரிஞ்சதுல ஒரு நிமிஷம் வாசிச்சு போன்ல ரெக்கார்டு பண்ணுங்க. ஒரு தடவை கேளுங்க, முதல் தடுமாற்றம் எந்த ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல வருதுன்னு மட்டும் ஒரு பேப்பர்ல எழுதுங்க, மத்த தப்பை எல்லாம் இப்போதைக்கு விட்டுடுங்க. அந்த ரெண்டு ஸ்வரம்தான் இந்த வாரம் முழுக்க உங்க சாதகம். ரெக்கார்டிங்கை அழிச்சிடாதீங்க, ஃபைல் பேர்ல இன்னைக்குத் தேதியைப் போட்டு வைங்க, மூணு மாசம் கழிச்சு அதே ஒரு நிமிஷத்தை திரும்ப வாசிச்சு பக்கத்துலயே வெச்சு கேளுங்க.